படத்துக்கு 24 போதும், கேமுக்கு ஏன் 60 வேண்டும்?

சித்தி மகன் கேமிங் மானிட்டர் வாங்கப் போகும்போது துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனான். கடையில் 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை திரையை மாற்றும்) என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்த மானிட்டரின் விலையையும் பக்கத்தில் இருந்த சாதாரண 60 ஹெர்ட்ஸ் மானிட்டரின் விலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவன் கேட்டான்: "ஏண்ணே, தியேட்டர்ல அவ்வளவு பெரிய திரையில நொடிக்கு 24 படம்தான் ஓடுது. கண்ணுக்கு அதுக்கு மேல தெரியாதுன்னு வேற சொல்றாங்க. அப்புறம் எதுக்கு 144?"

நியாயமான கேள்விதான். கடையில் நின்றுகொண்டு பதில் சொல்ல முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஃபிரேம் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். பள்ளியில் நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் பக்கத்துக்குப் பக்கம் கொஞ்சம் மாற்றி மாற்றி ஒரு பொம்மை வரைந்து, கட்டைவிரலால் விர்ரென்று புரட்டினால் அது ஓடுமே, அதில் ஒவ்வொரு பக்கமும் ஒரு ஃபிரேம். சினிமாவும் கேமும் இதையேதான் செய்கின்றன. நொடிக்கு எத்தனை பக்கம் புரள்கிறது என்பதுதான் ஃபிரேம் ரேட், எஃப்.பி.எஸ். என்று சுருக்கமாகச் சொல்வது.

24 என்ற எண் கண்ணைப் பரிசோதித்து வந்தது இல்லை. மௌனப் படக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள். நொடிக்குப் பதினாறு, பதினெட்டு, இருபது என்று ஆளுக்கு ஒரு வேகம். தியேட்டரில் ஓட்டுகிறவர் இன்னொரு வேகத்தில் ஓட்டுவார். யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. 1920-களின் பிற்பகுதியில் படம் பேச ஆரம்பித்ததும்தான் சிக்கல் வந்தது. ஆள் கொஞ்சம் வேகமாக நடந்தால் கண் மன்னித்துவிடும், குரல் கொஞ்சம் கீச்சென்று போனால் காது மன்னிக்காது. ஆகவே எல்லாரும் ஒரே வேகத்துக்கு வந்தாக வேண்டும். நிமிடத்துக்கு 90 அடி ஃபிலிம் என்று முடிவானது. 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் அடிக்கு 16 ஃபிரேம். 90-ஐ 16-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்தால் 24. அவ்வளவுதான் கதை.

ஃபிலிம் விலையும் இதில் இருக்கிறது. ஃபிலிம் காலத்தில் நம் ஊர் சென்சார் சான்றிதழில் படத்தின் நீளத்தை மீட்டரில் போட்டிருப்பார்கள், பழைய படங்களில் பார்த்திருப்பீர்கள். இரண்டரை மணி நேரப் படம் என்றால் 13,500 அடி. அதையே நொடிக்கு 60 என்று எடுத்திருந்தால் ஒரே பிரதிக்கு 33,750 அடி ஆகியிருக்கும். எந்தத் தயாரிப்பாளர் ஒத்துக்கொள்வார்? ஒலி கெடாமலும் கைக்காசு கரையாமலும் இருக்கும் ஒரு வேகம்தான் 24.

கண்ணுக்கு அதற்கு மேல் தெரியும் என்பதற்கு ஆராய்ச்சிக் கட்டுரை எதுவும் வேண்டாம். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் மவுஸை வேகமாக வட்டமாகச் சுற்றிப் பாருங்கள், அம்புக்குறி கோடாகத் தெரியாமல் தனித்தனி அம்புகளாகத் தெரியும். 144-இல் அதையே செய்தால் அம்புகள் நெருக்கமாக வரும். பட்ஜெட் போன்களிலேயே 120 ஹெர்ட்ஸ் வந்துவிட்டது, அதைச் சில நாள் தேய்த்துவிட்டுப் பழைய போனை எடுத்து ஸ்க்ரோல் செய்தால் ஏதோ தடுக்குகிற மாதிரி இருக்கும். பேர் தெரியாவிட்டாலும் அந்த வித்தியாசத்தைக் கண் பிடித்துவிடுகிறது.

சரி, அப்படியானால் தியேட்டரில் மட்டும் ஏன் தடுக்குவதில்லை? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

கேமராவின் ஷட்டர் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கொஞ்ச நேரம் திறந்து மூடுகிறது. வழக்கமான அமைப்பில் அந்த நேரம் நொடியில் 48-இல் ஒரு பங்கு. அந்தச் சிறு நேரத்துக்குள் ஹீரோவின் கை நகர்ந்தால், நகர்ந்த தூரம் முழுக்க ஃபிலிமில் மங்கலாக இழுபட்டுப் பதிகிறது. சண்டைக்காட்சியைப் பாதியில் நிறுத்திப் பார்த்தால் கை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புகை மாதிரி இருக்கும். அதாவது சினிமாவின் ஒரு ஃபிரேமுக்குள் ஒரு சிறிய காலத்துண்டு அடங்கியிருக்கிறது. இங்கிருந்து அங்கே போனான் என்ற தகவல் அந்த மங்கலுக்குள்ளேயே இருப்பதால் அடுத்த ஃபிரேமோடு மூளை சுலபமாகக் கோத்துக்கொள்கிறது.

கேமில் கிராபிக்ஸ் கார்டு வரையும் ஃபிரேமில் அந்த மங்கல் கிடையாது. ஒரு குறிப்பிட்ட கணத்தில் உலகம் எப்படி இருக்கிறதோ அதைக் கத்தியால் வெட்டிய மாதிரி கூர்மையாக வரைந்துவிடும். நொடிக்கு 30 முறை அப்படி வெட்டி அடுக்கினால் இடையில் என்ன நடந்தது என்பதற்குத் தடயமே இருக்காது, அதனால்தான் கண்ணில் தாவித் தாவித் தெரிகிறது.

இதே தலைவலியை அறிவியல் புனைகதைப் படங்களுக்கு விசேஷக் காட்சி எடுத்தவர்கள் கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் பரவுவதற்கு முன்பே பட்டிருக்கிறார்கள். பொம்மையை இம்மி இம்மியாக நகர்த்தி ஒவ்வொரு ஃபிரேமாகப் படம் பிடிக்கும் ஸ்டாப் மோஷன் முறையில், ஷட்டர் திறக்கும்போது பொம்மை அசையாமல் நிற்கும். மங்கல் இல்லை. திரையில் ஓடும்போது 24-தான், ஆனாலும் வெட்டி வெட்டி நகரும். 1980-இல் வந்த ஸ்டார் வார்ஸ் இரண்டாம் படத்தில் பனியில் நடந்து வரும் நாலுகால் இயந்திரங்கள் அப்படி எடுக்கப்பட்டவைதான். அவை இயந்திரங்கள் என்பதால் அந்த நடை பொருந்திப் போய்விட்டது. உயிருள்ள மிருகத்துக்கு அது பொருந்தாதே. அதனால் அதே குழுவில் இருந்த ஃபில் டிப்பெட் போன்றவர்கள் 1981-இல் ஒரு டிராகன் படத்துக்காக, ஷட்டர் திறந்திருக்கும்போதே மோட்டார் வைத்துப் பொம்மையை லேசாக அசைத்தார்கள். மங்கல் விழுந்தது, டிராகனுக்கு உயிர் வந்தது. கோ மோஷன் என்று பெயர் வைத்தார்கள். ஃபிரேம் எண்ணிக்கையில் ஒன்றுகூட ஏறவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கேம்களின் செட்டிங்ஸில் மோஷன் பிளர் என்று ஒன்று இருக்கும். அது இதே மங்கலைக் கணக்குப் போட்டுப் பூசுவது. 30-இல் ஓடும் கேமில் ஓரளவு உதவும். நான் புது கேம் போட்டதும் முதல் வேலையாக அதை ஆஃப் செய்வேன், தலை சுற்றுகிறது. அது அவரவர் கண்.

ஆனால் மங்கலைவிட முக்கியமான இன்னொரு காரணம் இருக்கிறது. படம் பார்க்கும்போது கை சும்மா இருக்கிறது, பாப்கார்னில் இருக்கிறது. கேமில் கை வேலை செய்கிறது. மவுஸை இடது பக்கம் இழுத்தீர்கள் என்றால், திரை நகர்ந்ததா என்று கண் காத்துக்கொண்டிருக்கும். இங்கே எஃப்.பி.எஸ். என்ற எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு ஃபிரேமுக்கு எவ்வளவு நேரம் என்று திருப்பிப் போட்டுப் பார்ப்பதுதான் நல்லது. 30 என்றால் ஃபிரேமுக்கு 33.3 மில்லிவினாடி. 60 என்றால் 16.7. 144 என்றால் 6.9. 240 என்றால் 4.2. நீங்கள் கையை அசைத்ததற்குப் பதில் திரையில் வர எப்படியும் ஒன்றிரண்டு ஃபிரேம் ஆகும், கூடவே மவுஸ், மானிட்டர் தாமதம் எல்லாம் சேரும். 30-இல் அது கைக்குத் தெரிகிற அளவு தாமதம், மவுஸைத் தண்ணீருக்குள் இழுக்கிற மாதிரி.

இப்படித் திருப்பிப் போட்டால் விலை பற்றியும் ஒரு தெளிவு கிடைக்கிறது. 30-லிருந்து 60-க்குப் போனால் ஒரு ஃபிரேமில் 16.7 மில்லிவினாடி மிச்சம். 60-லிருந்து 144-க்கு 9.7. 144-லிருந்து 240-க்கு வெறும் 2.8. எண் 96 ஏறியிருக்கிறது, கைக்குக் கிடைத்தது மூன்று மில்லிவினாடிகூட இல்லை. போட்டியில் ஆடிப் பரிசு வாங்குகிறவர்களுக்கு அது பெரிது. வேலை முடித்துவிட்டு வந்து ராத்திரி ஒரு மணி நேரம் ஆடுகிற எனக்கும் சித்தி மகனுக்கும் 144-க்கு மேல் கொடுக்கும் காசு வீண் என்பது என் கட்சி.

சராசரி என்பது இன்னொரு ஏமாற்று. நொடிக்கு 60 ஃபிரேம் என்று மூலையில் எண் காட்டுகிறது, ஆனால் கேம் திக்குகிறது என்று பலர் புலம்புவார்கள். டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் என்பார்கள், அரை மணி நேரம் ஒன்றும் வராமல் அப்புறம் மூன்று ஒன்றாக வரும். கணக்குப்படி சரிதான், நின்றவனுக்குத்தான் தெரியும். அதுபோல 59 ஃபிரேம்கள் தலா 15 மில்லிவினாடியில் வந்து, ஒரே ஒரு ஃபிரேம் மட்டும் 115 மில்லிவினாடி எடுத்தாலும் கூட்டினால் சரியாக ஒரு நொடி, 60 ஃபிரேம். அந்த ஒற்றை ஃபிரேமில்தான் எதிரி உங்களைச் சுட்டிருப்பான். கிராபிக்ஸ் கார்டு விமர்சனங்களில் 1 சதவீத லோ என்று தனியாக ஓர் எண் போடுவது இதற்காகத்தான்: மிக மெதுவாக வந்த நூற்றில் ஒரு பங்கு ஃபிரேம்களின் வேகம் அது. சராசரி 90, லோ 35 என்றிருக்கும் கார்டைவிடச் சராசரி 70, லோ 58 என்றிருப்பதை நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன்.

ஃபிரேம் வேகம் கேமையே மாற்றிவிடும் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று இருக்கிறது. 1978-இல் ஜப்பானின் டைட்டோ கம்பெனியில் டோமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ். ஐந்து வரிசை, வரிசைக்குப் பதினொன்று, மொத்தம் 55 வேற்றுக்கிரகவாசிகள். உள்ளே இருந்த இன்டெல் 8080 சிப்பால் எல்லாரையும் ஒரே ஃபிரேமில் நகர்த்த முடியாது. ஃபிரேமுக்கு ஒருவராக நகர்த்தியது. எனவே முழுக் கூட்டமும் ஓர் அடி எடுத்துவைக்கக் கிட்டத்தட்ட ஒரு நொடி ஆனது. நீங்கள் சுட்டுத் தள்ளத் தள்ள நகர்த்த வேண்டிய ஆட்கள் குறைந்தார்கள், மிச்சம் இருந்தவர்கள் வேகமெடுத்தார்கள், கடைசி ஆள் ஃபிரேமுக்கு ஒருமுறை பறந்தான். ஹார்ட்வேரின் இயலாமையால் தற்செயலாக வந்த அந்தப் பதற்றத்தை நிஷிகாடோ அப்படியே விட்டுவிட்டார், அதுதான் அந்த விளையாட்டின் உயிராகிப் போனது.

இப்போது மானிட்டருக்கு வருவோம், இதில்தான் புதியவர்கள் குழம்புவார்கள். எஃப்.பி.எஸ். என்பது கிராபிக்ஸ் கார்டு நொடிக்கு எத்தனை ஃபிரேம் வரைகிறது என்பது. ஹெர்ட்ஸ் என்பது மானிட்டர் நொடிக்கு எத்தனை முறை திரையை மாற்றுகிறது என்பது. கார்டு 200 வரைந்தாலும் 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் நொடிக்கு 60 முறைதான் மாற்றும். மானிட்டர் பாதித் திரையை எழுதிக்கொண்டிருக்கும்போது கார்டு புது ஃபிரேமை நீட்டினால் மேல் பாதி பழையது, கீழ் பாதி புதியது என்று திரையே குறுக்கே கிழிந்த மாதிரி தெரியும். டேரிங் என்பது அதுதான். அதைத் தடுக்க வி-சிங்க் போடலாம், மானிட்டர் தயாராகும்வரை கார்டு காத்திருக்கும். ஆனால் மறுபடி பஸ் கதைதான்: 16.7 மில்லிவினாடியில் வரைந்து முடிக்க வேண்டியதை 17-இல் முடித்தால் பஸ் போயிருக்கும், அடுத்த பஸ் வரை நிற்க வேண்டும். மயிரிழையில் தவறவிட்டதற்கு 33.3 மில்லிவினாடி தண்டனை.

கிராபிக்ஸ் கார்டு கம்பெனியான என்விடியா 2013-இல் அறிவித்த ஜி-சிங்க்கும் அதைத் தொடர்ந்து வந்த போட்டிக் கம்பெனி ஏஎம்டியின் ஃப்ரீசிங்க்கும் இதைத் தலைகீழாக மாற்றின. கார்டு எப்போது முடிக்கிறதோ அப்போது மானிட்டர் திரையை மாற்றும். அட்டவணை பார்த்துக் கிளம்பும் பஸ் போய், ஆள் ஏறியதும் கிளம்பும் ஷேர் ஆட்டோ வந்த மாதிரி. என்னைக் கேட்டால் கேமிங் மானிட்டரில் ஹெர்ட்ஸைவிட முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இந்த இடத்தில் ஒரு வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். நான் முதன்முதலில் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியபோது நாலு மாதம் அதை 60-இலேயே ஓட்டிக்கொண்டிருந்தேன். விண்டோஸ் தானாக மாற்றிக்கொள்ளும் என்று நினைத்தேன், அது எனக்காக ஒன்றும் செய்யவில்லை. அந்த நாலு மாதமும் பார்க்கிறவர்களிடமெல்லாம் "என்ன ஒரு வித்தியாசம் தெரியுமா" என்று அளந்துகொண்டு வேறு இருந்தேன். செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போனால் ரெஃப்ரெஷ் ரேட் என்று இருக்கும், கையால் மாற்ற வேண்டும். அப்படியே கேபிள் கிராபிக்ஸ் கார்டில்தான் செருகியிருக்கிறதா, மதர்போர்டில் செருகியிருக்கிறதா என்றும் பின்னால் எட்டிப் பார்த்துவிடுங்கள். சிரிக்காதீர்கள், நிறையப் பேர் செய்கிற தப்பு.

ஃபிரேம் குறைவாக வந்தால் கார்டை மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள், காசு செலவில்லை. கேமின் ரெசல்யூஷனை, அதாவது திரையில் வரையும் புள்ளிகளின் (பிக்சல்) எண்ணிக்கையை, பாதியாகக் குறையுங்கள். எஃப்.பி.எஸ். நன்றாக ஏறினால் கார்டுதான் திணறுகிறது. ஏறவே இல்லை என்றால் பிராசஸர்தான் முட்டுக்கட்டை. எந்த எதிரி எங்கே ஓடுகிறான் என்று கணக்குப் போடுவது அது, அந்தக் கணக்குக்கும் பிக்சலுக்கும் சம்பந்தமில்லை. 4கே ஆசைப்படுகிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்: 1920-க்கு 1080 என்றால் சுமார் 20 லட்சம் பிக்சல், 4கே என்றால் சுமார் 83 லட்சம். அதே கார்டு நாலு மடங்கு வரைய வேண்டும்.

அப்படியானால் சினிமாவும் வேகத்தைக் கூட்டலாமே என்று தோன்றும். கூட்டிப் பார்த்தார்கள். விண்வெளிப் படங்களின் விசேஷக் காட்சிகளுக்குப் பேர் போன டக்ளஸ் டிரம்புல், வெவ்வேறு வேகங்களில் படமெடுத்து ஆட்களுக்குப் போட்டுக் காட்டிச் சோதித்து, நொடிக்கு 60 என்ற ஷோஸ்கேன் முறையை உருவாக்கினார். 1983-இல் வந்த பிரெய்ன்ஸ்டார்ம் படத்தை அதற்காகவே திட்டமிட்டார். ஒருவரின் அனுபவத்தை மூளையிலிருந்து பதிவு செய்து இன்னொருவருக்குப் போட்டுக்காட்டும் கருவி பற்றிய கதை. சாதாரணக் காட்சிகள் 24-இல், கருவிக்குள் போகும் காட்சிகள் 60-இல் என்பது அவர் யோசனை. அற்புதமான யோசனை. ஸ்டுடியோ ஒத்துக்கொள்ளவில்லை, கடைசியில் அந்தக் காட்சிகளுக்குத் திரையை அகலமாக்கியதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

அப்புறம் 2012-இல் பீட்டர் ஜாக்சன் ஹாபிட் படத்தை 48-இல் கொண்டுவந்தார், 2019-இல் ஆங் லீ ஜெமினி மேன் படத்தை 120-இல் எடுத்தார். பலருக்குப் பிடிக்கவில்லை. செட்டு செட்டாகத் தெரிகிறது, மேக்கப் மேக்கப்பாகத் தெரிகிறது என்றார்கள். நம் பாஷையில் சொன்னால் டிவி சீரியல் மாதிரி இருக்கிறது. புது டிவி வாங்கியவர்கள் வீட்டில் இந்த அனுபவம் கிடைத்திருக்கும். டிவி தானாக இடை ஃபிரேம்களை உருவாக்கிச் செருகும் மோஷன் ஸ்மூத்திங் ஆன் ஆகியிருக்கும், பெரிய பட்ஜெட் படம்கூடக் கல்யாண வீடியோ மாதிரி தெரியும். தயவுசெய்து ஆஃப் செய்யுங்கள். 2022-இல் வந்த இரண்டாவது அவதார் படம் நடுவழியில் போனது: தண்ணீர், சண்டை எல்லாம் 48-இல், பேசும் காட்சிகள் பல 24-இல்.

இப்போது கேமிலும் அந்த டிவி வித்தை வந்துவிட்டது. 2022-இல் என்விடியா டிஎல்எஸ்எஸ் 3 என்ற பெயரில் கொண்டுவந்த ஃபிரேம் ஜெனரேஷன், உண்மையில் வரைந்த இரண்டு ஃபிரேமுக்கு நடுவில் ஒன்றை யூகித்துச் செருகுகிறது. எண் கிடுகிடுவென ஏறும், கண்ணுக்கும் வழுவழுவென்று இருக்கும். ஆனால் செருகிய ஃபிரேமில் உங்கள் மவுஸ் அசைவு கிடையாது, தவிர நடுவில் செருகுவதற்காக அடுத்த உண்மை ஃபிரேமைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளவும் வேண்டியிருக்கிறது. 30-இல் திணறும் கேமை 60 என்று காட்டினாலும் கை இன்னும் தண்ணீருக்குள்தான். ஏற்கெனவே 70, 80 வருகிற இடத்தில் போட்டால் நன்றாக இருக்கிறது. விளம்பரத்தில் பெரிதாக ஓர் எண் போட்டிருந்தால் அதில் எத்தனை வரைந்தது, எத்தனை செருகியது என்று கேளுங்கள்.

சித்தி மகன் கடைசியில் 144-ஐத்தான் வாங்கினான். அவனுக்கே தெரியாமல் சினிமாவுக்கும் அது லாபம்: 60-ஐ 24-ஆல் வகுத்தால் மீதி வரும், அதனால் 60 ஹெர்ட்ஸ் திரை ஒரு சினிமா ஃபிரேமை மூன்று முறையும் அடுத்ததை இரண்டு முறையும் காட்டிச் சமாளிக்கும், கேமரா மெதுவாகத் திரும்பும் காட்சிகளில் அது லேசாக நடுங்கும். 144-இல் ஒவ்வொன்றும் சரியாக ஆறு முறை. கேமில் மட்டும் அவனுடைய பழைய கார்டு 50-க்கும் 80-க்கும் நடுவில் தாவிக்கொண்டிருந்தது, "இவ்வளவு காசு போட்டும் திக்குதேண்ணே" என்றான். கேமின் எஃப்.பி.எஸ். 48-ஐத் தாண்டாதபடி வரம்பு கட்டிவைத்தேன், 144-இல் மூன்றில் ஒரு பங்கு, ஒவ்வொரு ஃபிரேமும் 20.8 மில்லிவினாடி. இப்போது திக்கவில்லை என்கிறான். ஹாபிட் ஓடிய அதே 48 என்று சொன்னேன், அவன் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லையாம்.